மூன்றாவது விடை

அத்தியாயம் பதினான்கு

"புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டால் படகுகள் கடலுக்குச் செல்லமாட்டா. இன்று படகுகள் கடலுக்குச் செல்லவில்லை. ஆகவே: (1) இன்று புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. (2) இன்று புயல் எச்சரிக்கை விடுக்கப்படவில்லை. (3) தரப்பட்ட கூற்றுகளைக் கொண்டு முடிவு கூற முடியாது."

முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, இருபத்தைந்து வருசமாக அதே மணலில் நடந்து திரிகிற நிறஞ்சனா, இந்தக் கேள்விக்கு (1) என்று புள்ளடி போட்டிருந்தாள். கூடப் படிக்கிற சப்னா சிவப்புப் பேனையால் சுழித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"எடியே, ஞாயிற்றுக்கிழமையில உங்கட ஆக்கள் கடலுக்குப் போவினமோ? ஊரில ஒரு சாவு விழுந்தாப் போவினமோ? மண்ணெண்ணெய் இல்லாட்டிப் போவினமோ? உதெல்லாம் தெரிஞ்ச நீயே ஒண்டைப் போட்டா, கடலைக் காணாதவள் என்னத்தைப் போடுவாள்?"

அது செவ்வாய்க்கிழமை, கடைசி மாதிரித் தேர்வு. நுண்ணறிவுப் பகுதியில் ஐம்பது கேள்விக்கு இருபத்தொன்று பிழை. அதில் பதினான்கு ஒரே மாதிரியான பிழை. சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சையில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை வழுக்கியதும் இந்தப் பகுதியில்தான். அதனால்தான் இந்த முறை பிழைக் கொப்பி என்று ஒன்று வைத்திருக்கிறாள். பிழைத்த கேள்வியை அதில் எழுதி, ஏன் பிழைத்தது என்றும் கீழே எழுத வேண்டும். அன்றைக்கு எழுதினாள்: "ஒரு காரணம் கைக்குக் கிடைத்ததும் மற்றக் காரணங்களை நான் தேடுவதில்லை."

எழுதியது செவ்வாய் பின்னேரம். மறந்தது புதன் பின்னேரம். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

புதன் பின்னேரம் சந்தியில் தபால்கார ராசு சைக்கிளை நிறுத்திச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "உன்ர பதிவுத் தபால் நேற்றே வீட்டில குடுத்திட்டன் பிள்ளை." பரீட்சை அனுமதி அட்டை! சப்னாவுக்குத் திங்கட்கிழமையே வந்துவிட்டது. தன்னுடையது வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அது வந்தும் தன் கையில் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குப் போய் அலுமாரி, மேசை, அண்ணன் துசியந்தனின் பெட்டி எல்லாம் சத்தமில்லாமல் கிளறினாள். அம்மா றோசம்மாவிடம் மூச்சுவிடவில்லை. அம்மாவுக்குப் பிரஷர்.

பரீட்சை சனிக்கிழமை. கொழும்பு பஸ் வியாழன் பின்னேரம் ஆறரைக்கு. இனி நடப்பதெல்லாம் அந்த வியாழக்கிழமையில்.

விடிய ஆறரைக்கு அவள் கடற்கரையில் நின்றாள். துசியந்தனும் அவனுடைய படகுப் பொடியள் மூன்று பேரும் வலையில் இருந்து சூடை மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். துசியந்தன் உள்ளங்கையில் ஒரு துணியைச் சுற்றியிருந்தான். அதை அவள் கண்டாள், ஆனால் ஏனென்று யோசிக்கவில்லை. மனம் முழுக்க வழக்கைச் சோடித்து வைத்திருப்பவளுக்குத் துணியைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்?

"அண்ணா, என்ர அட்டையைத் தாங்கோ."

"என்ன அட்டை?"

"பரீட்சை அட்டை. செவ்வாய்க்கிழமை ராசு அண்ணை வீட்டில குடுத்தவர்." ஒரு விரலை மடக்கினாள். "அண்டைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகேல்லை, நீங்கள் வீட்டில நிண்டனீங்கள்." இரண்டாவது விரல். "நான் கொழும்புக்குப் போகக்கூடாதெண்டு போன கிழமை சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால இருந்து சொன்னதும் நீங்கள்தான்." மூன்றாவது விரலும் மடங்கியது. "வேற ஆர் எடுக்கிறது?"

பொடியளின் கைகள் வலையில் நின்றுவிட்டன. துசியந்தன் ஒரு மீனைக் கழற்றிக் கூடைக்குள் போட்ட பிறகுதான் நிமிர்ந்தான்.

"வழக்கு முடிஞ்சுதோ?"

அவள் மடக்கின விரல்களை விரிக்காமல் நின்றாள்.

"எல்லாத்தையும் நீயே சொல்லிப்போட்டாய். என்னட்டை ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

"கேட்டா உண்மை சொல்லுவீங்களோ?"

அந்தச் சொல்லை விட்டிருக்கக் கூடாது. விட்டுவிட்டாள். அவன் முகம் கறுத்துப் போனது.

"நீ போறது எனக்கு விருப்பமில்லைதான். அண்டைக்கும் சொன்னன், இண்டைக்கும் சொல்லுறன். பின்னேரம் கடல் நல்லாயிருந்தா நான் தொழிலுக்குப் போயிடுவன். உன்னை ஏத்திவிட வரமாட்டன். விளங்கிச்சோ?"

அவள் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள்.

சப்னாவின் வாப்பா ஜவாஹிர் முல்லைத்தீவு நகரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார், சமாதான நீதவானும்கூட. கடைக்கு மேலே, பெயின்ற் வாளிகளுக்கு நடுவில் இருக்கும் அறைதான் இரண்டு பேருக்கும் படிப்பறை. நிறஞ்சனா அங்கே வந்து சேர்ந்தபோது சப்னா கொழும்பில் பரீட்சை அலுவலகத்துக்கு எடுத்த அழைப்பு அப்போதுதான் முடிந்திருந்தது.

"மறுபிரதி தருவினமாம். நாளைக்கு நேரில போகோணும், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வேணுமாம்."

"அப்ப வா, பொலிசுக்குப் போவம்."

"இரடி. தொலைஞ்சது எண்டு எழுதப்போறியோ, களவு எண்டு எழுதப்போறியோ?"

"களவுதானே!"

"அப்ப ஆரிலயும் சந்தேகமிருக்கோ எண்டு கேப்பினம். அண்ணையின்ர பேரைச் சொல்லுவியோ?"

காலையில் கடற்கரையில் அவ்வளவு இலகுவாகச் சொன்ன பேர், பொலிஸ் புத்தகத்தில் மையால் விழுவதை நினைத்து, வெளிக்கிட நின்ற நிறஞ்சனா திரும்பவும் கதிரையில் இருந்தாள். ஆனாலும் பிடிவாதம் விடவில்லை.

"வேற ஆரடி எடுத்திருக்கப்போகினம்?"

"கொண்டா உன்ர பிழைக் கொப்பியை."

சப்னா ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி எழுதினாள். அட்டை செவ்வாய்க்கிழமை வீட்டில் கொடுக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை படகுகள் போகவில்லை. நான் போவதை அண்ணன் விரும்பவில்லை. ஆகவே, அண்ணன் எடுத்தார்.

"இது பரீட்சையில வந்தா எத்தினையாவது விடை?"

நிறஞ்சனா தாளைப் பார்த்தாள். தன் வழக்கு இன்னொருத்தியின் கையெழுத்தில் கிடந்தபோது மெலிந்துபோய்த்தான் தெரிந்தது.

"நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு," என்றாள் சப்னா. "விருப்பமில்லாத ஆக்களெல்லாம் ஒளிப்பினமோ? நான் படிக்கப் போறது என்ர பெரியம்மாவுக்குக் கண்ணில காட்டேலாது. அதுக்காக அவா என்ர அட்டையைத் திண்டுபோட்டாவோ?"

அந்த நிலையிலும் நிறஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது.

"சரி, படகு போகேல்லை. ஏன் போகேல்லை?"

"சாவு வீடு. படகு முதலாளி சம்மாட்டியாற்ற தாய்."

"சாவு எண்டா உங்கட ஊர் ஆம்பிளையள் வீட்டில படுத்திருப்பினமோ?"

கேள்வி விழுந்ததுதான் தாமதம், நிறஞ்சனா கொப்பியைப் பட்டென்று மூடினாள். அவர்களுடைய ஊரில் குழி வெட்டக் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு படகுக்காரர் முறை வைத்துச் சேமக்காலையில் வெட்டுவார்கள். இந்த முறை துசியந்தனின் படகு! விடியப் போனவர்கள் பெட்டி இறங்கும் வரைக்கும் திரும்பியிருக்கமாட்டார்கள். அந்த மண்ணில் கல் வேறு. உள்ளங்கையில் சுற்றியிருந்த துணி இப்போதுதான் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஊர் தெரியாத ஒருத்தி இந்தப் பிழையை விட்டிருந்தால் மன்னிக்கலாம். படகு போகாத நாளில் அண்ணன் எங்கே நிற்பான் என்று தெரிந்துகொண்டே விட்ட பிழை இது.

"இன்னுமொண்டு," சப்னா விடுவதாக இல்லை. "ராசு அண்ணை வீட்டில குடுத்தனான் எண்டவர். வீடு கையெழுத்து வைக்குமோ? பதிவுத் தபாலடி. ஆர் வைச்சதெண்டு கேட்டனியோ?"

கேட்கவில்லை. வீட்டில் என்றதும் ஓடிவிட்டாள். இப்போது கைபேசியை எடுத்து ராசுவுக்கு அடித்தாள். அரை நிமிசத்தில் பதில் வந்தது.

"அம்மாதான் பிள்ளை. மாக் கையைச் சட்டையில துடைச்சுப்போட்டு வந்து வைச்சவா. ஏன், தரேல்லையோ?"

வீட்டுக்கு வந்தபோது றோசம்மா குசினியில் மகளின் பயணத்துக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ர அட்டை உங்களிட்டையோ?"

"ஓம்." கொஞ்சமும் தயக்கமில்லை. "பின்னேரம் வெளிக்கிடேக்க தருவன்."

"எங்க வைச்சிருக்கிறீங்கள்?"

"அது சொல்லக்கூடாது."

"அம்மா! அதில நான் கையெழுத்து வைச்சு, சமாதான நீதவான் உறுதிப்படுத்தோணும். சும்மா கொண்டுபோக ஏலாது!"

றோசம்மாவின் கை நின்றது. "ஐயோ, அதெனக்குத் தெரியாதே. நேத்தியடி பிள்ளை. செவ்வாய்க்கிழமை கடிதம் வந்த கையோட கொண்டுபோய் அந்தோனியாரின்ர காலடியில வைச்சனான். மூண்டு நாள் அங்க இருக்கோணும், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு நேந்தனான். நீ கேட்டிருந்தா நேத்தியை விட்டுப்போட்டுச் சொல்லியிருப்பனே. ஏன் கேக்கேல்லை?"

"உங்களுக்குப் பிரஷர் ஏறுமெண்டு..."

"இப்ப மட்டும் இறங்குதோ?"

இரண்டு பேரும் அந்தோனியார் கோயிலுக்கு ஓடாத குறையாகப் போனார்கள். சுரூபத்தின் காலடியில் ஒரு வாடின மாலையும் மெழுகுதிரிச் சொட்டும்தான் இருந்தன. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சூசை கையில் விளக்குமாற்றோடு வந்தார்.

"மண்ணிறக் கடித உறையோ? ஓம், கிடந்தது. நேற்றுத் தூசி தட்டேக்க, காலடியில கிடந்த கடதாசி எல்லாத்தையும் மன்றாட்டுப் பெட்டிக்குள்ள போட்டிட்டன். பெட்டிக்கு எட்டாத கிழவியள் அதில வைக்கிறவையெல்லோ. உதுவும் மன்றாட்டெண்டு நினைச்சன்."

பெட்டிக்குப் பூட்டு. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் திறந்து, உள்ளே இருக்கும் மன்றாட்டுகளைப் பேர் சொல்லாமல் பூசையில் வாசிப்பார்கள். பாதரோ கூட்டம் ஒன்றுக்கு வவுனியா போயிருந்தார்.

றோசம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுரூபத்தைப் பார்த்தாள். "தொலைஞ்ச சாமானைத் தேடித் தாறவரெண்டு உலகமெல்லாம் உம்மட்டை வருகுது. என்ர பிள்ளையின்ர சாமானை நீரே எடுத்துப் பூட்டி வைச்சிருக்கிறீரோ?"

நாலாவது அழைப்புக்குத்தான் பாதர் எடுத்தார். கதை முழுவதையும் கேட்டுச் சிரித்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னார். "திறப்பு பூசை உடுப்பு அறையில, அலுமாரிக்குப் பின்னால ஆணியில தொங்குது. சூசை திறக்கட்டும். நிறஞ்சனா, உம்மட கடிதத்தை மட்டும் எடும். மற்றதுகள் சனம் கடவுளுக்குச் சொன்னது. ஒண்டையும் பிரிக்கக்கூடாது."

"பிரிக்கமாட்டன் பாதர்."

திறப்பு எடுக்கப் போனபோது உடுப்பு அறைச் சுவரில் வாசகர் முறை ஒட்டியிருந்தது. அடுத்த செவ்வாய் மன்றாட்டு வாசிப்பது றோசம்மா என்று இருந்தது. அதைப் பார்த்தாள், திறப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பெட்டி நிறையக் கடதாசி. கொப்பித் தாள், கலண்டர்த் தாள், மருந்துச் சரையின் உட்பக்கம், எல்லாம் நாலாக மடித்தவை. மண்ணிற உறை அடியில் கிடந்தது. அதை இழுத்தபோது அதோடு ஒரு தாள் பாதி விரிந்தபடி வந்து அவள் காலடியில் விழுந்தது. கடற்றொழிலாளர் சங்கக் கூட்ட அறிவித்தலின் பின்பக்கம் அது. இடப்பக்கம் சாய்ந்த, கொழுத்த எழுத்து.

அந்த எழுத்தைப் பார்த்துத்தானே சின்ன வயதில் அவள் 'ற' எழுதப் பழகினாள்!

பெருநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் மட்டும் கோயில் வாசலுக்கு வருகிற துசியந்தன், ஒரு மன்றாட்டு எழுதிப் போட்டிருக்கிறான். மேல் வரி மட்டும் தெரிந்தது. "அந்தோனியாரே, என்ர தங்கச்சி நிறஞ்சனா இந்த முறை" என்பதோடு மடிப்பு வந்துவிட்டது.

இந்த முறை பாஸ் பண்ண வேணும் என்றா? இந்த முறை போகாமல் நிற்க வேணும் என்றா? விரல் மடிப்பில் இருந்தது. சூசை மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா சுரூபத்தோடு கதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலை அசைத்தால் போதும்.

அவள் தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். சூசை பூட்டினார்.

வழியில் றோசம்மா கேட்டாள். "விடிய அண்ணனோட என்ன கதை? கடற்கரையில சத்தமாம்."

"அட்டையை அவர்தான் ஒளிச்சு வைச்சிருக்கிறாரெண்டு..."

"கேட்டனியோ?"

"கேக்கேல்லை அம்மா. சொன்னனான்."

றோசம்மா நடையை நிறுத்திவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. கண் கலங்கிவிட்டது. "கொப்பர் செத்த வருசம் அவனும் உயர்தரம் எழுத இருந்தவன்தானேடி. அப்பன் இல்லாத வீட்டுக்காகப் படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவன். ஒருநாள் ஒரு சொல்லுச் சொல்லிக் காட்டினவனோ?" என்றாள். பிறகு மகளை விட்டுவிட்டு முன்னால் நடந்துவிட்டாள். அதற்குப் பதிலாக நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று இருந்தது நிறஞ்சனாவுக்கு.

நாலரைக்கு அவள் கடற்கரைக்குப் போனாள். கடல் அசையாமல் கிடந்தது. படகுகள் எல்லாம் போய்விட்டன. துசியந்தனின் படகு மட்டும் மணலில் தனியாக நின்றது, அவனைக் காணவில்லை. 'என்னில உள்ள கோவத்தில தொழிலுக்கே போகேல்லை' என்று மனம் உடனே தீர்ப்பு எழுதியது. அவள் தன் கையிலேயே ஒரு அடி அடித்துக்கொண்டாள். அது ஒரு காரணம். மற்றக் காரணங்கள்?

ஐந்து மணிக்கு ஜவாஹிர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவளைத் தன் முன்னாலேயே கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அட்டையில் முத்திரை குத்தினார். மகளோடு அவரும் இதே பஸ்ஸில்தான் கொழும்பு வருகிறார். பொலிஸ் பக்கம் ஒருவரும் போகவில்லை. எதற்காக அவள் அந்த நாற்காலியில் இருந்து அழுதாள் என்று அந்த மனிதருக்கு விளங்கவில்லை. சப்னாவுக்கு விளங்கியது.

ஆறேகாலுக்கு அம்மாவோடு பஸ் நிலையத்துக்கு வந்தபோது, கொழும்பு பஸ்ஸின் முன் வாசலில் துசியந்தன் நின்றான். தலை தோய்ந்து, வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தான். யன்னல் கரைச் சீட்டில் ஒரு துவாயைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, கடல் நல்லாய்த்தானே இருக்கு?"

"ஓம். நல்லம்."

"அப்ப ஏன் போகேல்லை?"

"எஞ்சினில சின்ன அலுவல்."

எஞ்சினைத் திங்கட்கிழமைதான் முழுக்கக் கழற்றிப் பூட்டினார்கள். நிறஞ்சனா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடல் நல்லாயிருந்தால் போயிடுவன் என்றவன், நல்ல கடலைப் போட்டுவிட்டு இங்கே நிற்கிறான். எந்தக் கொப்பியிலும் இதற்கு விடை இல்லை.

"அட்டை கிடைச்சிட்டுது. அம்மாதான்... நான் உங்களை எல்லாருக்கும் முன்னால... பிழை அண்ணா. பெரிய பிழை."

"கொப்பியில எழுதினியோ?"

"எழுதப்போறன்."

"வடிவா எழுது." பையைத் தூக்கி மேல் தட்டில் வைத்தான். உள்ளங்கையில் துணி இன்னும் இருந்தது. இறங்கி வந்து, அம்மாவுக்குக் கேட்காத தூரத்தில் நின்று சொன்னான். "எனக்கு உன்ர படிப்பு விருப்பமில்லாமலில்லை. போன முறை பரீட்சை மறுமொழி வந்தாப் பிறகு ஒரு மாதம் சோறு தண்ணியில்லாமல் கிடந்தாய். அம்மா பகலில பாத்தவா, இரவில நான்தான் காவல் இருந்தனான். இன்னொருக்கா அதைப் பாக்க எனக்கு ஏலாது. பாஸ் பண்ணு, பண்ணாமல் விடு. திங்கட்கிழமை வந்து எங்களோட இருந்து சாப்பிடோணும். அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போ."

அவள் தலையை ஆட்டினாள். ஓம், ஓம் என்று மூன்று நாலு முறை ஆட்டினாள்.

பஸ் வெளிக்கிட்டது. யன்னலுக்கு வெளியே அம்மா சிலுவை போட்டாள், அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் சப்னா புட்டுப் பொதியை மணந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிறஞ்சனா பிழைக் கொப்பியை மடியில் விரித்து, ஆட்டத்தோடு ஆட்டமாக எழுதினாள்.

"துசியந்தன் தங்கைக்காக மன்றாட்டு எழுதினான். மன்றாட்டின் முதல் வரி மட்டும் தெரியும். ஆகவே: (1) அவள் வெல்ல வேண்டும் என்று கேட்டான். (2) அவள் போகக் கூடாது என்று கேட்டான். (3) முடிவு கூற முடியாது."

மூன்றுக்கு நேரே புள்ளடி போட்டாள். இன்றைக்குத்தான் அந்த விடையைப் பயப்படாமல் போட்டாள்.

பேனையை மூடும்போதுதான் உடுப்பு அறைச் சுவர் நினைவுக்கு வந்தது. மன்றாட்டில் பேர் வாசிக்கமாட்டார்கள். ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்து, ஊர் முழுக்கக் கேட்க வாசிக்கப்போகிறவள் அம்மா. மகனின் எழுத்தை அவளுக்கு ஒருவரும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை.